பெஞ்ச் பக்கம், எதிர்ப் பக்கம்

தொண்ணூற்று மூன்று ஆட்டங்கள். தொண்ணூற்று மூன்று தடவை அவன் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டான், கையுறையை இறுக்கினான், மற்றவர்களோடு வரிசையாக வெளியே வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான். தொண்ணூற்று மூன்று தடவையும் எழுந்து உள்ளே போய் அதே சட்டையைக் கழற்றினான். வேர்வை படாத சட்டையைத் துவைக்கப் போட அவனுக்கே கூச்சமாக இருக்கும். அணியின் துணிகளைத் துவைக்கும் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, இதத் துவைக்கவா, இல்ல மடிச்சு அடுத்த மேட்சுக்கு எடுத்து வைக்கவா?" என்பாள். "காலர் கொஞ்சம் அழுக்குக்கா, துவைச்சிடுங்க," என்று அவனும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவான்.

தேசிய அணியில் பதினொரு வருஷம் இருந்து, ஆட்ட நேரத்தில் மைதானத்தின் வெள்ளைக் கோட்டை ஒரு தடவைகூடத் தாண்டாத ஆளை என்னவென்று சொல்வது? பாவம், ராசி இல்லாதவன் என்று சொல்பவர்கள் உண்டு. அவன் வேலை செய்வதை அவர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் அவனை ஸ்டெப்னி என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டிக்கு அடியில் மாட்டி வைத்திருக்கும் மாற்று டயருக்குள்ள பெயர் அது. தேசிய அணியில் வைத்த பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை. பஸ் டிப்போவுக்கு எதிரே அவன் அப்பாவுக்கு டயர்க் கடை இருந்தது. லாரியில் வந்து இறங்கும் டயர்களை மேலிருந்து ஒருவர் தள்ளிவிட, கீழே நின்று பிடித்து அடுக்குவது அவன் வேலை. டயரைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போக வேண்டும். ஒருநாள் டிப்போ டிரைவர்களின் அணிக்குக் கோல்கீப்பர் வரவில்லை. ஒரு டிரைவர் தெருவைத் தாண்டி வந்து, "அண்ணே, உங்க பையனைக் கொஞ்சம் கடன் குடுங்க, ரெண்டு மணி நேரத்துல திருப்பித் தந்துடறோம். ஸ்டெப்னியா நிக்கட்டும்," என்றார். போனவன் போனவன்தான். அன்று அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பத்தொன்பது வயதில் நகரத்து கிளப்பில் சேர்ந்தான். இருபத்தொன்றில் அந்த கிளப்பின் முதல் கோல்கீப்பர். பதின்மூன்று வருஷம் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. இருபத்து மூன்றில் தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. அதாவது, சும்மா ஒப்புக்குச் சேர்த்துக்கொண்ட ஆள் இல்லை அவன். வேறு எந்தக் காலத்தில் வந்திருந்தாலும் நாட்டின் முதல் கோல்கீப்பர் அவனாகத்தான் இருந்திருப்பான். வந்த காலம்தான் சரியில்லை, ஏனென்றால் அங்கே மதில் இருந்தான்.

மதில் என்பதும் பட்டப்பெயர்தான். ஆறடி நாலு அங்குலம். கையை விரித்தால் கோலில் காற்று நுழையக்கூட இடமில்லை. ஸ்டெப்னியைவிட ஒரே ஒரு வயது மூத்தவன், அதனால் இவன் காத்திருக்க அவன் வயதாகி ஒதுங்குவான் என்ற நினைப்புக்கும் வழியில்லை. காயம் படாது, சளி பிடிக்காது. ஒரு தடவை நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு ஆடிவிட்டு வந்து, "கொஞ்சம் வெயில் ஜாஸ்தியா இருந்துச்சு," என்றான். ஆட்டம் என்று வந்துவிட்டால் ஒரு நிமிஷத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பந்தின் மேல் அவனுக்கு இருந்தது ஆசைகூட இல்லை, பசி.

நட்பு ஆட்டங்களிலாவது ஸ்டெப்னியை இறக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இறக்கப் பார்த்தார்கள், மூன்று தடவை. முதல் தடவை, வீரர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே மழை கொட்டி மைதானம் குளமாகிவிட்டது, ஆட்டம் ரத்து. இரண்டாம் தடவை, அன்று காலையிலேயே அவனுக்குக் குடல்வால் வீங்கி ஆபரேஷன். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு யாரையும் தெரியாது, மதிலைத் தவிர.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அப்பா போன் பண்ணுவார். அவருக்குப் பந்து என்றால் உள்ளே காற்று இருக்கிற ரப்பர், அவ்வளவுதான். ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கேட்க மாட்டார்.

"என்னடா, மாட்டினாங்களா?"

"இல்லப்பா."

"ஸ்டெப்னிய வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாட்டி ஓட்டணும்டா. சும்மாவே கெடந்தா ரப்பர் இறுகிடும். உங்க கோச்சுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"சொல்றேம்பா அவருகிட்ட."

ரப்பர் இறுகக்கூடாது என்றுதான் அவனும் பார்த்துக்கொண்டான். காலையில் மைதானத்துக்கு முதலில் வருபவன் அவன்தான். ஆட்டத்துக்கு முன்னால் மதிலுக்குப் பந்து உதைத்துக் கைகளைச் சூடாக்குவது அவன் வேலை. எதிரணிக்காரன் எப்படி உதைப்பானோ அப்படியே உதைத்துக் காட்டுவான். இடது கால்காரன் என்றால் இடது காலால். அதற்காகவே இடது காலைப் பழக்கினான். ஒரு கோல்கீப்பர், அதுவும் ஆடாத கோல்கீப்பர், இரண்டு காலாலும் வளைத்து உதைக்கக் கற்றுக்கொண்டதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. பெரிய போட்டிகளில் ஆட்டம் சமமாக முடிந்தால் பெனால்டி உதைகளில்தான் முடிவு. ஒவ்வொருவரும் தனியாக வந்து கோல்கீப்பரை மட்டும் பார்த்து உதைக்க வேண்டும். பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு பாய்ந்தால் எட்டாது. முன்கூட்டியே ஒரு பக்கம் தீர்மானித்தாக வேண்டும். எந்த ஆள் எந்தப் பக்கம் உதைப்பான் என்று ஸ்டெப்னி படித்து வைத்துக்கொள்வான். எதிரணியில் இருபத்து மூன்று பேர் என்றால் இருபத்து மூன்று பேருடைய பழைய பெனால்டிகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். உதைக்கும் காலை அவன் பார்ப்பதில்லை. பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுகிற காலின் கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பார்ப்பான். பெட்டியில் பதினேழு நோட்டுகள் சேர்ந்திருந்தன.

படித்ததை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி, மதிலின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிவிடுவான். பாட்டில் கோல் கம்பத்தின் அருகே இருக்கும். மதில் ஒவ்வொரு உதைக்கும் முன்னால் தண்ணீர் குடிப்பது போல எடுத்துப் பார்த்துக்கொள்வான். ஆனால் ஆரம்பத்தில் இதில் ஒரு கஷ்டம் வந்தது. மதிலுக்குப் பதற்றம் வந்துவிட்டால் இடது எது வலது எது என்று தெரியாது. இவ்வளவு பெரிய ஆள், சாப்பிடுகிற கையைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்லுவான். "இடது" என்று எழுதியிருந்தால் வலது பக்கம் பாய்வான்.

வழி சொன்னது ஸ்டெப்னியின் மனைவி. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள்.

"என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர், இடது கண்ணை மூடுங்கன்னா வலது கண்ணை மூடுவாங்க," என்றாள். "நான் இடது வலதுன்னு சொல்றதையே விட்டுட்டேன். கதவுப் பக்கத்துக் கண்ணை மூடுங்க, ஜன்னல் பக்கத்துக் கண்ணை மூடுங்கன்னு சொல்லுவேன். ஒருத்தரும் தப்புப் பண்ண மாட்டாங்க. உங்க மைதானத்துல கதவு ஜன்னல் எதுவும் இல்லையா?"

பெஞ்ச் இருந்தது. மைதானத்தின் ஒரு நீளப் பக்கத்தில்தான் இரண்டு அணிகளின் பெஞ்சும் இருக்கும். அன்றிலிருந்து காகிதத்தில் இடது வலது கிடையாது. "பெஞ்ச்" என்று எழுதியிருந்தால் ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கிற பக்கம் பாய வேண்டும். "எதிர்" என்று எழுதியிருந்தால் அதற்கு மறுபக்கம். நாட்டின் முதல் கோல்கீப்பர், இரண்டாம் கோல்கீப்பர் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துத்தான் பாய்ந்துகொண்டிருந்தான். அது ஸ்டெப்னிக்குப் பிடித்திருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். மைதானத்தின் இரண்டு முனையில் எந்தக் கோலில் பெனால்டி என்பதை நடுவர் நாணயம் சுண்டித்தான் முடிவு செய்வார். இந்த முனையில் நின்றால் இடது கைப் பக்கம் பெஞ்ச். அந்த முனைக்குப் போனால் அதே பெஞ்ச் வலது கைப் பக்கம் வந்துவிடும். உதைக்கிறவனோ கோல்கீப்பரின் இடது, வலது பார்த்துத்தான் உதைப்பான், பெஞ்சைப் பார்த்து உதைக்க மாட்டான். அதனால் ஸ்டெப்னி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு காகிதம் எழுதினான், முனைக்கு ஒன்று. ஒன்றில் பெஞ்ச் என்று இருந்தால் மற்றதில் எதிர். ஒன்று வலது சாக்ஸில், ஒன்று இடது சாக்ஸில். பயிற்சியின்போது முனை மாறுவதற்கு இருவருக்கும் ஒரு சைகை உண்டு: தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்காகப் பிடித்தால், எழுதியிருப்பதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள் என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்தவனுடைய பெயர் எங்கேயும் இல்லை. சொந்த மைதானத்தின் உடை மாற்றும் அறையில் ஒரு பெரிய மரப் பலகை உண்டு. நாட்டுக்காக ஒரு நிமிஷமாவது ஆடியவர்கள் எல்லோருடைய பெயரும் வரிசை எண்ணோடு வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். கோட்டைத் தாண்டினால்தான் எண். ஒருநாள் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். அவள் மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துத் தேடினாள்.

"உங்க பேரு எங்கப்பா?"

"எழுதறதுக்குள்ள பெயிண்ட் தீந்து போச்சும்மா."

அடுத்த தடவை வந்தபோது அவள் பள்ளிக்கூடப் பையிலிருந்து தன் பெயிண்ட் பெட்டியை எடுத்தாள். வெள்ளை மட்டும் புதிதாக வாங்கியிருந்தாள். ஸ்டெப்னி எதற்கும் கலங்காதவன். அன்று கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

முப்பத்து நாலு வயதில், நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெரிய போட்டிக்குக் கிளம்பும்போது, மனைவியிடம், "இதோட போதும்," என்றான். முழங்கால் சொல்லிவிட்டது. அவள் பெட்டியில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் கிடைச்சாப் போதும், இல்லையா?" என்றாள். "போதும்," என்றான். மற்றவர்களிடம் இதை அவன் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். அரையிறுதியில் அணிக்கு ஒரு கோல், கூடுதல் நேரமும் முடியப் போகிறது, பெனால்டி நிச்சயம். அப்போது பயிற்சியாளர் திரும்பி ஸ்டெப்னியைப் பார்த்தார்.

"இவங்க உதைக்கிறதெல்லாம் உனக்கு மனப்பாடம்தானே?"

"ஆமா கோச்."

"அப்ப காகிதம் எதுக்கு? நீயே போய் நில்லு. மதிலை எடுத்துடறேன். சீக்கிரம் ரெடியாகு."

பதினொரு வருஷம் காத்திருந்த வார்த்தை, காதில் விழுந்தபோது அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. ஸ்டெப்னி குனிந்து சாக்ஸைக் கீழே இறக்கினான். முன்னங்காலைக் காக்கும் ஷின் பேடைச் சொருக வேண்டும், காகிதங்கள் குறுக்கே இருந்தன. இரண்டையும் உருவி, ஒன்றாகக் கால்சட்டை இடுப்புக்குள் செருகிக்கொண்டான். இனி அவை எதற்கு? மாற்று ஆட்டக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேல்பனியனைக் கழற்றினான். கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றான். பக்கத்தில் நான்காவது நடுவர், யார் வெளியே யார் உள்ளே என்று காட்டும் எண் பலகையைத் தூக்கத் தயாராக நின்றார்.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால்தான் ஆள் மாற்றலாம். கடைசி விசில் ஊதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, அதுதான் விதி. இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. பந்து மதிலின் காலில் இருந்தது.

"வெளிய அடி!" என்று பயிற்சியாளர் கத்தினார். மதில் இந்தப் பக்கம் பார்த்தான். எண் பலகையைப் பார்த்தான், கோட்டருகே நிற்கும் ஸ்டெப்னியைப் பார்த்தான். பிறகு பந்தை மெதுவாகப் பக்கத்தில் இருந்த தடுப்பு ஆட்டக்காரனிடம் தள்ளினான். அவன் இன்னொருவனிடம் கொடுத்தான். அவன் திரும்ப மதிலிடமே கொடுத்தான். மதில் மறுபடியும் உள்ளேயே தள்ளினான். நடுவர் விசில் ஊதிவிட்டார்.

ஸ்டெப்னியின் கால் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது. நான்காவது நடுவர் பலகையைக் கீழே வைத்தார். அவனுக்குக் காது அடைத்துப் போயிருந்தது. நாணயம் சுண்டினார்கள், ஸ்கோர்போர்டு இருக்கிற முனை என்று வந்தது. யாரோ மதிலின் பாட்டிலை அவன் கையில் திணித்தார்கள். இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவினான், ஒட்டினான், கொடுத்தான். மதில் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

முதலில் உதைக்க வந்தவன் எதிரணிக் கேப்டன். இருபத்திரண்டு பெனால்டிகளில் பத்தொன்பதைக் கோல்கீப்பரின் இடது பக்கம் உதைத்தவன். ஸ்கோர்போர்டு முனையில் இடது என்றால் பெஞ்ச் பக்கம். பந்து பெஞ்ச் பக்கம்தான் போனது. மதில் எதிர்ப் பக்கம் பாய்ந்து கிடந்தான்.

பதற்றத்தில் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது என்று ஸ்டெப்னி நினைத்தான். இவர்கள் பக்கத்து ஆள் கோல் போட்டான். எதிரணியின் இரண்டாவது ஆள் எப்போதும் கோல்கீப்பரின் வலது பக்கம் உதைப்பவன். அப்படியே உதைத்தான். மதில் இடது பக்கம், பெஞ்சைப் பார்த்துப் பாய்ந்தான். கொஞ்சமும் தயங்காமல், முழு நம்பிக்கையோடு, தப்பான பக்கம்.

ஸ்டெப்னி இடுப்புக்குள் கையை விட்டு மிச்சக் காகிதத்தை எடுத்தான். அதன் மேல் மூலையில் சின்னதாக ஸ்கோர்போர்டு படம் போட்டிருந்தது, அவன் கையால் போட்டது. பாட்டிலில் இருக்க வேண்டிய காகிதம் அவன் கையில் இருந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவை. மாற்றி ஒட்டியது கைத் தவறா, இல்லை மனசு பார்த்த வேலையா என்று அந்த நொடியிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை.

அறுபதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? அவன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். லாரி ரிவர்ஸில் வரும்போது டிரைவருக்குக் கேட்க வேண்டும் என்று டயர்க் கடையில் பழகிய விசில் அது. நடுவரே ஒரு நிமிஷம் தன் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மதிலுக்கு மட்டும் அது யாருடைய விசில் என்று தெரியும். திரும்பினான். ஸ்டெப்னி கோட்டோரமாக நின்று, தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்காகப் பிடித்திருந்தான்.

மூன்றாவது உதை. பாட்டிலில் எதிர் என்று இருந்தது. மதில் பெஞ்சை நோக்கிப் பாய்ந்தான். பந்து அவன் இரண்டு கையிலும் வந்து விழுந்தது. நாலாவதில் விரல் நுனி பட்டும் உள்ளே போய்விட்டது. இவர்கள் பக்கத்து ஆள் ஒருவன் கம்பத்தில் அடித்துத் தொலைத்தான். ஐந்தாவதை மதில் காலால் தட்டிவிட்டான். கடைசியாக இவர்களுடைய கேப்டன் உதைத்தது உள்ளே போனது. ஜெயித்துவிட்டார்கள். மதிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஸ்டெப்னி கோல் கம்பத்தருகே போய்ப் பாட்டிலை எடுத்து, காகிதத்தைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆட்டம் முடிந்தால் தசை வலிக்கு ஐஸ் தொட்டியில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மதில் மட்டும் தொட்டியில் கழுத்து வரை இருந்தான். ஸ்டெப்னி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்சமும் சுற்றி வளைக்கவில்லை.

"காகிதத்தை மாத்தி ஒட்டிட்டேன்டா. அந்த முதல் ரெண்டு கோலும் என்னாலதான்."

மதில் தாடை வரை தண்ணீருக்குள் இறங்கினான்.

"தெரியாமத்தான் ஒட்டினேனான்னு எனக்கே தெரியல. அதையும் சொல்லிடறேன்."

ஐஸ் கட்டிகள் தொட்டியின் ஓரத்தில் இடித்துக்கொண்டன. மதில் கையை வெளியே எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"முதல் பந்து மாறிப் போனதும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? காகிதம் தப்பா இருக்கும்னு தோணவே இல்ல. நான்தான் வேற முனைல நிக்கிறேனோன்னு திரும்பி ஸ்கோர்போர்டைத் தேடினேன்."

ஸ்டெப்னி தலையைக் குனிந்துகொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"நீ கோட்டுல நின்னதைப் பார்த்தேன்டா," என்றான் மதில். "பந்து என் கால்லதான் இருந்துச்சு. ரெண்டு தடவை."

"தெரியும்."

"தெரியுமா?"

"பதினொரு வருஷமா உன்னைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன். வேற என்ன வேலை எனக்கு?"

மதில் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பல் கிடுகிடுத்தது. "குளிருது, அந்தத் துண்டை எடு," என்றான். ஸ்டெப்னி எடுத்துக் கொடுத்தான். இருவரும் இதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, இந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் வாயைத் திறந்திருப்போம்? ஜெயித்தாகிவிட்டது, கேட்பாரில்லை, காகிதம் தன் பையில். பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டெப்னியை நான் மெச்சுவது அந்த விசிலுக்காகக்கூட இல்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததற்காகத்தான்.

இறுதி ஆட்டம் நாலு நாள் கழித்து. ஸ்டெப்னி வழக்கம் போல இரண்டு காகிதம் எழுதினான். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்த்தான். ஆனால் பெனால்டிக்கு வேலையே வரவில்லை. அன்று தொட்டதெல்லாம் துலங்கியது. எண்பது நிமிஷத்துக்குள் மூன்று கோல். எதிரணிக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சியாளர் முன்னால் ஆடும் இரண்டு பேரை மாற்றினார். கோல்கீப்பரை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை, யாருக்குமே தோன்றாது.

எண்பத்தாறாவது நிமிஷம். பந்து மதிலிடம் வந்தது. பக்கத்தில் துரத்துகிற ஆள் ஒருவரும் இல்லை. மதில் பந்தைக் காலடியில் நிறுத்தினான். பெஞ்ச் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு தன் பலத்தையெல்லாம் சேர்த்து, பந்தைப் பார்வையாளர் வரிசையில் எங்கோ உயரத்துக்கு உதைத்து அனுப்பினான். உதைத்துவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்து, வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் ஓடினார். குனிந்து ஏதோ கேட்டார், மதில் ஏதோ சொன்னான், டாக்டர் நிமிர்ந்து ஒரு மாதிரியாகப் பெஞ்சைப் பார்த்தார். ஆளை மாற்ற வேண்டும் என்று கையைச் சுழற்றினார். பயிற்சியாளர் பதறிப்போய், "என்ன ஆச்சு அவனுக்கு?" என்றார். காய்ச்சலோடு ஆடியவன், விரல் பிசகி ஆடியவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவர் பார்த்ததே இல்லை.

ஸ்டெப்னிக்கு மட்டும் என்ன ஆச்சு என்று தெரியும். மேல்பனியனைக் கழற்றும்போது அது கழுத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் இழுத்துவிட வேண்டியிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கோட்டருகே வந்து நின்றான். நான்காவது நடுவர் பலகையை இந்தத் தடவை முழுசாகத் தூக்கிப் பிடித்தார். மதிலின் எண் ஒன்று வெளியே, ஸ்டெப்னியின் எண் பன்னிரண்டு உள்ளே.

மதில் எழுந்து, மைதானம் முழுக்கக் கைதட்ட, நொண்டிக்கொண்டே வந்தான். அணியின் கேப்டன் மட்டும் அந்த நொண்டலைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். கோட்டருகே வந்து மதில் ஸ்டெப்னியைக் கட்டிப் பிடித்தான். அவ்வளவு பெரிய ஆள் பிடித்ததில் ஸ்டெப்னியின் மூச்சு ஒரு கணம் நின்றது.

"எந்தக் கால்ல அடி?" என்று ஸ்டெப்னி அவன் காதில் கேட்டான்.

"வலது."

"நொண்டுறது இடதுல."

மதில் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"நீதான் எழுதித் தரலையே," என்றான்.

நடுவர் கையை அசைத்தார். ஸ்டெப்னி உள்ளே போனான். கோட்டைத் தாண்டியபோது எந்தக் காலை முதலில் வைத்தோம் என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்தான், நினைவுக்கு வரவில்லை.